வலது மூலையில் கசிவு

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதருக்கு ஊர் வைத்த பெயர் ஊமை மேஸ்திரி. அவருடைய தொழில் அப்படி. சத்தம் வெளியே போகாத அறைகளைக் கட்டித் தருவது அவர் வேலை. பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ, காது எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்கும் ஆஸ்பத்திரி அறை, ஜெனரேட்டர் வைத்திருக்கும் கொட்டகை என்று, எங்கெல்லாம் சத்தம் உள்ளேயே கிடக்க வேண்டுமோ அங்கெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டார்கள். செங்கல் சுவருக்கு முன்னால் மரச்சட்டம் அடிப்பார், சட்டத்துக்கு நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் திணிப்பார், அதன்மேல் பலகை, பலகைமேல் துணி. பஞ்சு அரிப்பெடுத்துக் கையைச் சொறிந்துகொண்டே உலகத்துக் கதையெல்லாம் பேசுவார்.

வேலை முடிந்ததும் அறையைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கருவி, மீட்டர் எதுவும் கிடையாது. மனைவியின் தம்பிதான் கருவி. மச்சானுக்கு நாற்பது வயது, எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை. வேறு எந்த வேலைக்கும் அவன் சரிப்பட்டு வரவில்லை என்பதால் அக்காள் தலையில் அடித்துக்கொண்டு புருஷனோடு அனுப்பி வைத்திருந்தாள். மேஸ்திரி அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார். உள்ளே போனவன் அத்தானை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். எச்சில் கையால் காக்கை ஓட்டாத கஞ்சன், எங்கள் அக்காவைக் கிணற்றில் தள்ளியிருந்தால் ஒரேயடியாகப் போயிருக்கும், இப்படித் தொண்டை வலிக்கும் வரை. வெளியே மேஸ்திரி கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வசவு காதில் விழுந்தாலும் வேலை முடியவில்லை என்று கணக்கு. விழாவிட்டால் கதவைத் திறந்து, "முடிச்சியா?" என்பார்.

"பாதிதான் ஆச்சு அத்தான். மீதியை அடுத்த ரூம்ல வெச்சுக்கறேன்" என்பான் மச்சான்.

வேலை கொடுத்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் கசிவு இருந்தால் மேஸ்திரி மூடி மறைக்க மாட்டார். "இந்த எடத்துல கேக்குது" என்று தானே விரலை வைத்துக் காட்டி, பிரித்து மறுபடி செய்வார். வீட்டில் பொய் சொல்லியிருக்கிறார், மனைவியிடம் தினமும் சொல்லியிருக்கிறார். வேலை விஷயத்தில் முப்பது வருடத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாளரின் கூண்டும் அவர் செய்ததுதான். பஸ்களின் ஹாரன் மைக்குக்குள் புகுந்து அறிவிப்பைக் கெடுக்கிறது என்று நகராட்சி கூப்பிட்டது. அறிவிப்பாளர் ஒல்லியான மனிதர், ஊதினால் பறந்துவிடுவார். குரல் மட்டும் தேரை இழுக்கும். பதினெட்டு வருடமாக 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவர் ஆரம்பித்தால் அழுகிற பிள்ளைகூட ஒரு நொடி அடங்கும். கூண்டைச் சோதிக்கிற அன்று, மச்சானுக்குப் பதிலாக அவரே உள்ளே உட்கார்ந்து திட்டினார். அவருக்குத் திட்ட வராது. ஒவ்வொரு வசவையும் பஸ் அறிவிப்பு மாதிரியே இழுத்து இழுத்துச் சொன்னதாக வெளியே வந்து ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பழக்கம். அந்தப் பக்கம் போனால் மேஸ்திரி கூண்டுக்குள் தலையை நீட்டி டீக்குக் கூப்பிடாமல் வரமாட்டார்.

அந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் காலை குண்டு வெடித்தது. மூன்றாம் நடைமேடை இருந்த இடத்தில் பள்ளம்தான் மிச்சம். பதினொரு பேர் போனார்கள். ஊரே நடுங்கியது. யார் வைத்தது என்று தெரியாததால் எல்லோர் மீதும் எல்லோருக்கும் சந்தேகம். யாரையாவது பிடித்து உள்ளே போட்டால் தேவலை என்று டீக்கடையில் எல்லோரும் பேசினார்கள். மேஸ்திரியும் பேசினார், மற்றவர்களைவிடச் சத்தமாகவே பேசினார்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஷூக்காரர் வந்தார். சாதாரணச் சட்டை, சாதாரண பேன்ட், காலில் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்பு ஷூ. அவர் பெயரைச் சொல்லவில்லை, மேஸ்திரியும் கேட்கவில்லை. அரசாங்கப் பயிற்சிக்குப் பாடம் பதிவு செய்ய ஒரு அறை வேண்டும் என்றார். மரங்கள் சூழ்ந்த அமைதியான தெருவில், முன்னால் சிமெண்டு வாசலும் பின்னால் மதிலுமாக ஒரு வாடகை வீடு. அதன் பின்கட்டு அறை.

முதல் நாளே மச்சான் மூக்கை நுழைத்தான்.

"அத்தான், பாடம் ரெக்கார்டு பண்ற ரூமுக்குள்ள தண்ணிக் குழாய் எதுக்கு? தரையில ஓட்டை எதுக்கு?"

"வந்த வேலையப் பாரு."

"மைக்கு ஒயர் வர ஓட்டையே போடலியே."

"ஒனக்கு எதுக்கு? நீயா பாடப் போற?"

மேஸ்திரிக்கும் தெரியாமலில்லை. சின்னப் பிள்ளைக்கே புரிகிற விஷயம் முப்பது வருட வேலைக்காரனுக்குப் புரியாதா? கதவு மாட்டும்போது வழக்கம்போல உள்பக்கம் ஒரு கைப்பிடி வைக்கப் போனார். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எந்த அறையிலும் அதை அவர் விட்டதில்லை. ஷூக்காரர் பின்னால் நின்று, "உள்ள கைப்பிடி வேணாம். தாழ்ப்பாள் வெளிய வெச்சுடுங்க" என்றார். மேஸ்திரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்து முடுக்கினார். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பல தடவை யோசித்தார். ஒன்றும் ஆகியிருக்காது. வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வேலை வேறு மேஸ்திரி கைக்குப் போகாமல் போயிற்றே என்பதுதான் இன்று வரை அவரைத் தின்கிறது.

கடைசி நாள் சோதனையில் மச்சான் உள்ளே போனான். வெளியே ஒரு முணுமுணுப்பும் இல்லை. மேஸ்திரி தாழ்ப்பாளைத் திறக்கப் போனபோது ஷூக்காரர் கையைப் பிடித்தார். "கொஞ்சம் இருக்கட்டும்" என்று சிரித்தார். ஐந்து நிமிடம் போல ஆனது. கதவைத் திறந்தபோது மச்சான் சட்டையெல்லாம் வேர்வையாக நின்றான். மேஸ்திரி, "முடிச்சியா?" என்று கேட்டார். அவன் நேராகப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

அறை தயாரான ஒரு வாரத்தில் அறிவிப்பாளரைக் கொண்டுபோனார்கள். டூட்டி முடிந்து வெளியே வந்தவரை ஒரு வேனில் ஏற்றியதைப் பூக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். காரணம் ஊருக்கே ரெண்டு நாளில் தெரிந்தது. குண்டு வெடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, 'மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்' என்று அவர் அறிவித்திருந்தார். நாற்பது பேர் பெட்டியும் பையுமாக ஏழுக்கு ஓடியதால் பிழைத்தார்கள். டிரைவர் வண்டியை மாற்றி நிறுத்திவிட்டு வந்து சொன்னார், இவர் மைக்கில் சொன்னார். ஆனால் உனக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று பிடித்தவர்களுக்குக் கேள்வி வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனிதர் பிறத்தியார் சொன்னதைச் சொல்லிக் கெட்டார்.

அறிவிப்பாளரின் மனைவி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினாள். எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை. ஆளே இல்லை என்று சொல்பவனிடம் போய் ஆளைக் கொடு என்று எப்படிக் கேட்பது? பஸ் ஸ்டாண்டில் இப்போது ஒரு பெண் குரலைப் பதிவு செய்து போட்டார்கள். அது எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே மாதிரி, சம்பந்தமில்லாதவள் போலச் சொன்னது.

அவள் மேஸ்திரியிடமும் வந்தாள்.

"அண்ணே, நீங்க பெரிய பெரிய ஆபீசுக்கெல்லாம் வேலை செய்யறீங்க. யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கண்ணே. உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சாப் போதும்."

"விசாரிக்கறேன் தங்கச்சி. மனசத் தளர விடாத."

அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்ன பதில் வரும் என்று பயந்தார். அந்தப் பின்கட்டு அறை ஞாபகத்துக்கு வரும். ஊரில் எத்தனையோ இடம் இருக்கிறது, அங்கேதான் வைத்திருக்க வேண்டுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வழியில் பார்க்கும்போதெல்லாம் அவள், "அண்ணே, ஏதாச்சும்?" என்பாள். "சொல்லி வெச்சிருக்கேன் தங்கச்சி" என்பார். மூன்றாவது தடவைக்கு மேல் அந்தச் சந்து வழியாகப் போவதையே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

இப்படி இருபது நாள் போனது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஷூக்காரர் போன் செய்தார்.

"மேஸ்திரி, உங்க வேலையில குறை இருக்கு. பக்கத்து வீட்டம்மா சத்தம் கேக்குதுன்னு யாருக்கோ எழுதிப் போட்டிருக்கு. உடனே வாங்க."

உங்கள் வேலையில் குறை என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்த நிமிடம் அவருக்குத் தோன்றியது அது ஒன்றுதான். சத்தம் கேட்கிறது என்றால் உள்ளே யார் சத்தம் போடுகிறார் என்பது பிறகுதான், வண்டி பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. அப்போதும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

மச்சானை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி பையோடு பின்கட்டுக்குப் போனார். கதவு சாத்தித் தாழிட்டிருந்தது. கதவுக்கு முன்னால் இருந்த குறுகிய நடைவழியில் ஷூக்காரரும், பனியனோடு ஒரு ஆளும் நின்றார்கள். பனியன்காரனின் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"எங்கேர்ந்து கசியுதுன்னு தெரியணும். எப்படிப் பாப்பீங்க?" என்றார் ஷூக்காரர்.

"உள்ள ஒருத்தர் சத்தம் போடணும் சார். மச்சானைக் கூப்பிட்டா..."

"மச்சான் எதுக்கு? உள்ளதான் ஆள் இருக்கே" என்று பனியன்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் தாழை நீக்கி, ஆள் நுழையுமளவு மட்டும் திறந்து உள்ளே போனான். ஷூக்காரர் கதவைச் சாத்தினார். "காதை வைங்க."

முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? அவர் யோசிப்பதற்குள் உடம்பு குனிந்துவிட்டது. கதவின் மேல் விளிம்பிலிருந்து காதை நகர்த்திக்கொண்டே வந்தார். மேலே ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒன்றுமில்லை. முட்டி போட்டுக் கீழே வந்தார். வலது மூலைக்கு வந்தபோது கேட்டது. எறும்பு ஊர்கிற அளவுதான். உள்ளே அறிவிப்பாளரைப் பஸ் அறிவிப்புச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார்கள்.

'பயணிகளின் கனிவான...' அங்கே குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. 'பயணிகளின்...' பிறகு அறிவிப்பு இல்லை. மனிதத் தொண்டையிலிருந்து வருகிறதா என்று சந்தேகப்படும்படி ஒன்று வந்தது.

அந்தக் குரலை மேஸ்திரி தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

"கேக்குதா?" என்றார் தலைக்கு மேலே நின்ற ஷூக்காரர்.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. கசிவு கசிவாகவே இருந்திருக்கும். பக்கத்து வீட்டம்மா இன்னும் பத்துக் கடிதம் எழுதியிருப்பாள். அவருக்குப் புரியாத கணக்கில்லை இது. ஆனால் வாய் முப்பது வருடமாக எதைச் சொல்லிப் பழகியதோ அதையே சொன்னது.

"கேக்குது சார். கீழ, வலது மூலையில."

அந்த வீட்டில் அன்று உண்மை பேசியது அவர் ஒருவர்தான்.

காரணமும் உடனே தெரிந்தது. இவர் வேலையை முடித்துப் போன பிறகு குழாய்க்காரர் மறுபடி வந்து தரையை உடைத்திருக்கிறார். அதில் நிலைப்படி அந்த மூலையில் நக அளவு இறங்கியிருந்தது. "என் தப்பு இல்ல சார், குழாய் வேலை செஞ்சவரு தப்பு" என்றார். அதையும் சொன்னார் பாருங்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மேஸ்திரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும்.

கதவைத் திறக்காமலே செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றார். இடைவெளியில் பசையை அடைத்து, கதவின் வெளிப்பக்க அடியில் அலுமினியப் பட்டை வைத்து, அதில் ரப்பரைச் செருகித் தரையோடு அழுந்தும்படி முடுக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை. அந்த முக்கால் மணி நேரமும் அவர் முகம் அந்த மூலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று ஒரு கீற்று அவர் கன்னத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் இருக்கிறேன் என்று கிசுகிசுத்தால் போதும். ஷூக்காரர் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி உதட்டைக் கூட அசைக்கவில்லை. பசை வைத்தார். காற்று நின்றது.

மறுபடி சோதனை. உள்ளே என்ன நடந்ததோ, காதை எங்கே வைத்தாலும் பலகை மட்டும்தான்.

"இப்ப கேக்கல சார்."

ஷூக்காரர் தானும் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து மேஸ்திரியின் தோளில் தட்டினார். "வேலைன்னா இது வேலை" என்றார்.

அந்தக் கணம் மேஸ்திரிக்கு மனம் குளிர்ந்தது. ஒரு கணம்தான். ஆனால் குளிர்ந்தது. இதை அவர் இன்று வரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியில் மச்சான் கேட்டான்.

"யாரு அத்தான் உள்ள?"

"எவனோ."

"எவனோன்னா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

மச்சான் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இனிமே நான் உங்ககூட வரல அத்தான். அக்காகிட்ட நீங்களே ஏதாச்சும் சொல்லிக்கங்க" என்றான். அவனைச் சோம்பேறி, தண்டச்சோறு என்று வருடக்கணக்காக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு அன்று அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தவர் பேசவில்லை. "என்ன, வாயை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி. அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடியது. இன்ன தெரு, இன்ன வீடு, பின்கட்டு அறை. ஒரு நிமிட வேலை. சொன்னால் யார் சொன்னது என்று வரும். வந்தால் அடுத்து அந்த அறைக்குள் யார் போவார்கள் என்று அவருக்குத் தெரியும். கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தார்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைச் சந்து முனை வரை போனார். கடை வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் நின்றார்கள். கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டார். கூட்டம் இருந்ததில் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதற்கு மறுநாள் போனபோது கடை பூட்டியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. அதன் மறுநாள் மத்தியானம், மகளின் சான்றிதழ் ஒன்றைக் கையில் சாக்காக எடுத்துக்கொண்டு போனார். கடையில் அவள் மட்டும் இருந்தாள். வேறு போக்கில்லை.

அவரைப் பார்த்ததும் அவளே பேச ஆரம்பித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆட்கொணர்வு மனு போட்டிருந்தோம் அண்ணே, புடிச்சு வெச்ச ஆளைக் கோர்ட்டுல கொண்டாந்து நிறுத்தச் சொல்லி. ஒரு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு அம்மா, ராத்திரி பகலா யாரோ கத்தற சத்தம் கேக்குதுன்னு கோர்ட்டுக்கே எழுதிப் போட்டிருந்தாங்க. ஜட்ஜு ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாரு. நேத்து நானும் கூடப் போனேன்."

மேஸ்திரி கையில் இருந்த சான்றிதழை மேசைமேல் வைத்தார்.

"முன்னாடி ரூமெல்லாம் தொறந்து காட்டுனாங்க. மேசை, நாற்காலி, ஃபைலு, அவ்ளோதான். பின்னாடி ஒரு ரூம் பூட்டியிருந்துச்சு. சாமான் ரூம், சாவி வெளியூர்ல இருக்குன்னாங்க. வக்கீலம்மா என்ன சொன்னாங்கன்னா, உள்ள ஆள் இருக்கற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் பூட்டை உடைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு, சும்மா உடைக்க முடியாதுன்னு. அரை மணி நேரம் நின்னோம். நான் அந்தக் கதவுலயே காதை வெச்சு நின்னேன். ஒண்ணுமே இல்ல அண்ணே. அந்தப் பக்கத்து வீட்டம்மாவே வந்து, ரெண்டு மூணு நாளா சத்தம் இல்ல, ஒருவேளை வுட்டுட்டாங்களோ என்னவோன்னு சொல்லிட்டாங்க. வக்கீலம்மா அப்படியே எழுதிக்கிட்டாங்க."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அவரு குரல் எனக்குத் தெரியாதா? ஒரு முனகல்னாக்கூடக் கண்டுபுடிச்சிருப்பேன். அவரு அங்க இல்ல. எங்க கொண்டுபோய்ட்டாங்களோ."

மேஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கதான் இருக்காரு தங்கச்சி."

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்கு... ஒருத்தர் சொன்னாரு" என்றார்.

"யாரு?"

"வேண்டியவர் ஒருத்தர். அந்த ரூம் சத்தம் வராத மாதிரி கட்டினதுன்னு..." அதற்கு மேல் அந்தப் பொய் நகரவில்லை. ஊர்க்கதை ஆயிரம் ஜோடித்த வாய், தேவைப்பட்ட இடத்தில் தகராறு செய்தது. "நான்தான் தங்கச்சி. நான்தான் கட்டினேன். மூணு நாள் முன்னாடி கசியுதுன்னு கூப்பிட்டாங்க. போய் அடைச்சுட்டு வந்தேன். உள்ள அவரு இருந்தாரு. நான் அவரு குரலைக் கேட்டேன்."

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தினாள். தாள் கட்டைப் பிரித்து நாலைந்து வெள்ளைத் தாளை உருவி அவர் முன்னால் போட்டு, பேனாவையும் வைத்தாள்.

"எழுதுங்க."

எழுதினார். தெரு, வீடு, அறை, கதவின் கனம், பஞ்சு எத்தனை அடுக்கு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், அடைத்த தேதி, நேரம், உள்ளே கேட்ட குரல் யாருடையது, கேட்கிறதா என்று அவர்கள் கேட்டபோது தான் சொன்ன பதில். கடைசியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் ஒவ்வொரு தாளாக வாங்கி நின்றுகொண்டே படித்தாள். வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, அரை மணி நேரத்தில் ஒரு ஆளோடு வருவதாகச் சொன்னாள். பிறகு முதல் தாளை மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடியை மூடாமல் அப்படியே நின்றாள்.

"அந்தக் கதவுகிட்ட நின்னு அவரைக் கூப்பிட்டேன் அண்ணே" என்றாள். "வக்கீலம்மா சும்மா இருங்கன்னு அதட்டுனாங்க. அப்பவும் கூப்பிட்டேன். மூணு தடவை. நான் வந்திருக்கேன், பயப்படாதீங்கன்னு கத்துனேன்."

மேஸ்திரி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"உங்க வேலை உங்களுக்குத்தான் தெரியும். அவருக்குக் கேட்டிருக்குமா?"

இதற்கு ஒரு பொய் சொன்னால் குடி முழுகிவிடாது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற உலகத்தில், ஒருத்தி இன்றிரவு தூங்குவதற்கு ஒரு பொய். மேஸ்திரி வேலை விஷயத்தில் தன் வாழ்நாளின் முதல் பொய்யைச் சொன்னார்.

"கேட்டிருக்கும் தங்கச்சி."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அவங்க கேட்டப்ப உண்மையைத்தானே சொன்னீங்க" என்றாள். "எங்கிட்டயும் அதையே சொல்லுங்கண்ணே."

"கேட்டிருக்காது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மெஷின் மூடியை மூடிப் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்தது. அவர் கையெழுத்து ஒவ்வொரு தாளாக வெளியே வந்து தட்டில் விழுந்துகொண்டிருந்தது.